பழைய வானில் ஹீற்றர் வேலை செய்யவில்லையா? சாமான் வாங்க முன் இதைப் பாருங்கள்

"அண்ணை, வானில ஹீற்றர் வேலை செய்யேல்லை."

மார்கழி பிறந்தால் கனடாவின் ஸ்காபரோவில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "காத்து வருதோ? வந்தால், வாற காத்து சூடோ குளிரோ?" பெரும்பாலானவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுப்பார்கள். அதற்கிடையில் சிலர் ஹீற்றர் கோரோ புளோவர் மோட்டாரோ இணையத்தில் வாங்கியும் விடுவார்கள்.

வானின் ஹீற்றரில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. காற்றை ஊதுவது பற்றறி மின்சாரம்: பியூஸ், ரிலே, சுவிச், ரெசிஸ்ரர், புளோவர் என்ற ஊதும் மோட்டார். சூட்டைத் தருவது எஞ்சின் தண்ணி. எஞ்சினில் சூடான கூலன்ற் இரண்டு ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேற்றர் ஒன்றுக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதுதான் ஹீற்றர் கோர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. எவ்வளவு காற்று கோருக்கு ஊடாகப் போக வேண்டும், எவ்வளவு விலகிப் போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. காற்று வரவில்லை என்றால் மின்சாரப் பக்கம் தேடுங்கள். காற்று வந்தும் குளிர்ந்தால் தண்ணிப் பக்கம் அல்லது கதவுப் பக்கம். கரவானோ, சியன்னாவோ, ஒடிசியோ, 2000களில் வந்த ஏழு பேர் வான் எதுவானாலும் சங்கதி இதுதான். சாமான்கள் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த ஆட்கள் நாங்கள். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஆனால் ஹீற்றருக்கு அங்கே என்ன வேலை? இந்த வித்தை முழுவதும் நான் இங்கே வந்து பழகியது. அங்கே பழகிய சில பழக்கங்கள் இங்கே கெடுதல் செய்யும். அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

தேவைப்படும் ஆயுதங்கள் அதிகமில்லை. சின்ன ரச்சற் ஒன்று, அதற்கு 7, 8, 10 மில்லிமீற்றர் சொக்கற், ஒரு குறடு, ஒரு வோல்ற் மீற்றர், தலையில் கட்டும் ரோச், கையுறை. கிளவ் பொக்ஸ் பக்கம் கை வைக்க முன் ஒரு விஷயம்: அதற்கு மேலேதான் பயணியின் எயார்பாக் இருக்கிறது. மஞ்சள் நிறக் கனெக்ரர்களைத் தொடாதீர்கள். அவற்றுக்குக் கிட்ட வேலை வந்தால் பற்றறியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

காற்று வரவில்லை என்றால்

நான் அதிகம் பார்க்கும் வருத்தம் இது: ஒன்று, இரண்டு, மூன்றில் புளோவர் பேசாமல் இருக்கும், கடைசி வேகத்தில் மட்டும் முழு மூச்சாக ஊதும். இதற்கு மோட்டாரை வாங்காதீர்கள். குறைந்த வேகங்களுக்குப் போகும் மின்சாரம் ரெசிஸ்ரர் என்ற சின்னச் சாமானுக்கு ஊடாகப் போகிறது. கடைசி வேகத்தில் அதைத் தாண்டி நேராக மோட்டாருக்குப் போகிறது. ஆகவே மோட்டார் உயிரோடு இருக்கிறது, ரெசிஸ்ரர் எரிந்துவிட்டது. பல மினிவான்களில் அது பயணியின் கால் பக்கத்தில், புளோவருக்குக் கிட்ட இரண்டு ஸ்குரூ ஆணியில் நிற்கும். பெரிய வான்கள் சிலவற்றில் பொனற்றைத் திறந்தால், எஞ்சினுக்கும் வானின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள சுவரில் பயணியின் பக்கமாகத் தெரியும். விலையும் அதிகமில்லை, மாற்றுவதும் இலகு.

ஆனால் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ரெசிஸ்ரர் சும்மா எரிவதில்லை. அது சூடாகும் சாமான், அதைக் குளிர்த்துவது புளோவர் ஊதும் அதே காற்றுத்தான். உள்ளே வரும் காற்றை வடிக்கும் கபின் பில்ற்றர் அழுக்கேறி அடைபட்டிருந்தால், கண்ணாடிக்குக் கீழே மேப்பிள் இலை நிறைந்திருந்தால், காற்றோட்டம் குறைந்து அது வெந்துபோகும். இன்னொரு காரணம் மோட்டார். புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து இறுகிய மோட்டார் வழமையைவிட அதிக மின்சாரத்தை இழுக்கும், அந்தச் சுமை ரெசிஸ்ரரில் விழும். "போன வருசம்தானே அண்ணை மாத்தினது, திரும்பவும் போட்டுது" என்று சொல்பவர்களின் வானில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும்.

கனெக்ரரையும் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்ரிக் மண்ணிறமாகி உருகியிருந்தால், உள்ளே உள்ள பல் தளர்ந்திருந்தால், புதிய ரெசிஸ்ரரை அதில் குத்துவது வீண். தளர்ந்த பல் சூடாகும், புதியதையும் எரிக்கும். வயரோடு சேர்த்துக் கனெக்ரர் தனியாக விற்கிறார்கள். பழையதை வெட்டி அதே தடிப்பு வயரில் இணையுங்கள். வயரை முறுக்கி ரேப் சுற்றுவது வேண்டாம். கிரிம்ப் பண்ணி, அதாவது உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி, சூட்டுக்குச் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள். புளோவர் முழு வேகத்தில் 20 அம்பியர் அளவில் இழுக்கும், அது விளையாட்டு மின்சாரம் கிடையாது.

எந்த வேகத்திலும் சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ். போனது 30 அம்பியர் என்றால் 30தான் போட வேண்டும். பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்று 40 போடுபவர்கள் வயருக்கு நெருப்பு வைக்கிறார்கள். பியூஸ் நல்லதென்றால் திறப்பை ஓனில் வைத்து, வேகத்தைக் கடைசிக்குத் தள்ளி, மோட்டாரை ஸ்குரூ டிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். உடனே சுற்றத் தொடங்கினால் உள்ளே மின்சாரம் கொடுக்கும் கரிக்கட்டையான பிரஷ் தேய்ந்துவிட்டது. அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், புது மோட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

தட்டியும் அசையாவிட்டால் மீற்றரை எடுங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். கனெக்ரரைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 வோல்ற் காட்டும். உடனே மோட்டார்தான் பிழை என்று முடிவு கட்டுவார்கள். நூலளவு செம்பு மிஞ்சிய வயரும், கருகிய ரிலேயும்கூடச் சுமையில்லாதபோது 12 வோல்ற் காட்டும். கனெக்ரரைப் பூட்டியபடியே, பின்பக்கத்தால் மீற்றர் ஊசியை நுழைத்து, சுவிச்சைப் போட்டு அளந்து பாருங்கள். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே பற்றறி வோல்ற்றுக்குக் கிட்ட இருந்தும் சுற்றவில்லையா, மோட்டார் முடிந்தது. வோல்ற் விழுந்துவிட்டதா, வரும் வழியில் அல்லது ஏர்த் வயரில் பிழை. மோட்டாரின் ஏர்த் முனைக்கும் பற்றறி நெகற்றிவுக்கும் இடையில் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் ஆணியைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். உப்புப் போடும் ஊரில் துருப்பிடிக்காத ஏர்த் ஏது?

வேகத்தை ஒரு கைப்பிடியால் படிப்படியாக மாற்றாமல் பொத்தானில் வெப்பநிலை சொல்லி விடும் வான்களில், ரெசிஸ்ரருக்குப் பதிலாக ஒரு எலெக்ரோனிக் மொடியூல் இருக்கும். அது பழுதானால் புளோவர் ஒரே வேகத்தில் நிற்கும், சிலவேளை வானை நிற்பாட்டிய பிறகும் ஊதிக்கொண்டே இருந்து பற்றறியைக் குடிக்கும். மொடியூலை மாற்றுவது தவிர வழியில்லை.

சத்தம் பற்றி ஒரு சொல். "கிர்ர்" என்று குருவி கத்துவது போன்ற சத்தம் காலைக் குளிரில் மட்டும் வந்து பிறகு அடங்கினால் மோட்டாரின் புஷ் தேய்கிறது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கும், பிறகு தொடங்கும். தடதடவென்று அடித்தால் சக்கரத்துக்குள் இலை, குச்சி, அல்லது எலிக்கூடு. பல வான்களில் மோட்டார் மூன்று ஆணியில் கீழே இறங்கி வந்துவிடும். எலிக்கூடு கண்டால் அப்படியே வாக்கியூம் பிடிக்காதீர்கள், தூசி மூச்சுக்குள் போகும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டுத் துடைத்து எடுங்கள்.

காற்று வருகிறது, சூடு இல்லை

எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ற் மட்டத்தைப் பாருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். பக்கத்தில் உள்ள போத்தலை மட்டும் நம்பவும் வேண்டாம். மூடியோ சின்னக் குழாயோ பழுதென்றால் போத்தல் நிறைந்திருக்க ரேடியேற்றர் வற்றியிருக்கும். ரேடியேற்றரில் மூடி உள்ள வான் என்றால் அதைத் திறந்து, வாய்வரை நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணி குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது ஹீற்றர் கோர்தான், எஞ்சின் சூட்டு முள் அப்போதும் ஒழுங்காகவே நிற்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணி களகளவென்று ஓடும் சத்தம் கேட்டால் உள்ளே காற்று நிற்கிறது. சிக்னலில் நிற்கும்போது குளிர்ந்து, அக்சிலரேற்றர் மிதித்தால் சூடு வருவதும் இதே வருத்தத்தின் குறி. நிரப்பிய பிறகு, அது எங்கே போனது என்றும் தேடுங்கள். மூடிய வட்டத்துக்குள் சுற்றும் தண்ணி தானாகக் குறையாது.

மட்டம் சரியென்றால் அடுத்தது இரண்டு ஹோஸ். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஹீற்றரை முழுச் சூட்டிலும் புளோவரைக் குறைந்த வேகத்திலும் வைத்துவிட்டு, சுவருக்குள் போகும் இரண்டு ஹீற்றர் ஹோஸையும் கையுறையோடு பிடித்துப் பாருங்கள். சுற்றும் பெல்ற்றுக்கும் விசிறிக்கும் கையைக் கொடுக்க வேண்டாம். என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதிலும் பெறுமதியான சோதனை இதுதான், ஒரு சதமும் செலவில்லை.

இரண்டும் பிடிக்க முடியாத சூடு: தண்ணி ஒழுங்காக ஓடுகிறது, பிழை கதவில். ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு: கோர் அடைபட்டிருக்கிறது, அல்லது ஹீற்றர் வால்வ் உள்ள வான் என்றால் அது திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு: எஞ்சினே சூடாகவில்லை அல்லது தண்ணி ஓடவில்லை.

எஞ்சின் சூடாகாததற்கு முதல் சந்தேகம் தேர்மோஸ்ராற். அது திறந்தபடி இறுகிவிட்டால், 401 நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும்போது சூட்டு முள் கீழே இறங்கும், நகருக்குள் வந்தால் ஏறும். எஞ்சின் விளக்கு எரிந்து, கோட் வாசிக்கும் கருவியைப் பூட்டிப் பார்த்தால் பி0128 என்ற கோட் வரலாம். எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்பதுதான் அதன் பொருள். இங்கேதான் ஊர்ப் பழக்கம் வந்து நிற்கிறது. சூடேறும் வாகனத்துக்கு ஊரில் முதல் வைத்தியம் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது. அந்த வெயிலில் அது ஓடியது. கனடாவில் அதைச் செய்தால் மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் குளிர் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பெற்றோலும் அதிகம் குடிக்கும், ஒயிலும் கெடும், சூடும் வராது. அந்த எஞ்சினுக்குச் சொன்ன வெப்பநிலைக்குரியதையே வாங்கிப் பூட்டுங்கள்.

அடுத்த ஊர்ப் பழக்கம் கிணற்றுத் தண்ணியை ரேடியேற்றருக்குள் ஊற்றுவது. இங்கே வெறும் தண்ணி உறைந்து விரிந்து எஞ்சின் புளொக்கையே பிளக்கும். கூலன்றும் வடித்த தண்ணியும் சரிபாதி கலந்தால் சுமார் −37 பாகை செல்சியஸ் வரை உறையாது. நிறத்தைப் பார்த்துக் கூலன்ற் வாங்காதீர்கள். ஒரே செம்மஞ்சள் நிறத்தில் வேறு வேறு வகை விற்கிறார்கள், பொருந்தாதவற்றைக் கலந்தால் சேறாகிக் கோரை அடைக்கும். வானின் கையேட்டில் சொன்ன வகையைப் போடுங்கள்.

அடைபட்ட கோரைக் கழுவலாம். டாஷ்போர்டைக் கழற்றத் தேவையில்லை. எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் சுவரண்டை கழற்றுங்கள். பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டியிருக்கும். முறுக்கி இழுத்தால் கோரின் குழாய் வளைந்து, இல்லாத பிழையும் உண்டாகும். வராவிட்டால் ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். பிறகு தண்ணி வெளியேறும் பக்கத்துக் குழாயில் தோட்டத்து ஹோஸை வைத்து மறுபக்கம் வரும்படி விடுங்கள். வழமைக்கு எதிர்த்திசையில் விட்டால்தான் அடைந்திருப்பது வெளியே வரும். குழாயை முழுதாகத் திறக்காதீர்கள். மெல்லிய அலுமினியம், அமுக்கம் தாங்காது. முதலில் மண்ணிறச் சேறு வரும். திசையை மாற்றி மாற்றி, தெளிந்த தண்ணி தாராளமாக வரும்வரை விடுங்கள். கடைசியில் வடித்த தண்ணியால் அலசுங்கள். இந்த வேலையை ஐப்பசியிலேயே செய்யுங்கள், தையில் வெளிக்குழாய் பூட்டியிருக்கும்.

வெளியே வரும் பழைய கூலன்றைச் சட்டியில் பிடியுங்கள். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். கொஞ்சமென்றாலும் கொடிய நஞ்சு. வடிகாலில் ஊற்றாமல் ரொறன்ரோ மாநகரின் கழிவு ஏற்கும் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

பூட்டி நிரப்பிய பிறகு காற்றை வெளியேற்றாவிட்டால் பட்ட பாடு வீண். வானின் மூக்கு மேலே நிற்கும்படி சரிவான இடத்தில் நிற்பாட்டி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து புனலை வைத்து ஓட விடுங்கள். குமிழ் வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். தேர்மோஸ்ராற் திறந்து ரேடியேற்றர் விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும்வரை பொறுமை வேண்டும். சில எஞ்சின்களில் காற்று விடும் ஆணி தனியாக உண்டு, கையேட்டைப் பாருங்கள். குமிழ் நிற்கவே இல்லையென்றால், தண்ணியும் தொடர்ந்து குறைந்தால், எஞ்சின் தலைக்கும் புளொக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கஸ்கற்றைச் சோதிக்கக் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

இனிக் கதவு. இரண்டு ஹோஸும் சூடாக இருந்தும் குளிர் காற்று வந்தால், அல்லது டிரைவர் பக்கம் சூடும் பயணியின் பக்கம் குளிரும் என்றால், அக்சுவேற்றர் என்ற சின்ன மோட்டார்தான் சந்தேகம். திறப்பைப் போட்டதும் டாஷ்போர்டுக்குள் "டிக் டிக் டிக்" என்று கேட்டால் அதன் பிளாஸ்ரிக் பல்லு உடைந்துவிட்டது. கழற்றி எடுத்து, கதவின் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பிச் சூடு வந்தால் அக்சுவேற்றரை மட்டும் மாற்றினால் போதும். இறுகியிருந்தால் கதவே வளைந்திருக்கும், அதற்குள் ஏதாவது விழுந்தும் இருக்கலாம். பேனை, நாணயம், ஒருமுறை கோயில் விபூதிப் பை, எல்லாம் எடுத்திருக்கிறேன். புதியது பூட்டிய பிறகு பல வான்கள் கதவின் இரு எல்லைகளையும் புதிதாகப் பழக வேண்டும். அதன் முறை வானுக்கு வான் வேறு. இன்னும் பழைய வான்களில் மோட்டாருக்குப் பதிலாகக் கேபிள் இருக்கும், கிளிப் கழன்றிருந்தால் பூட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வரலாம்.

பின் சீற்றுக்குத் தனி ஹீற்றர் உள்ள வான்கள்

இதை வானுக்குக் கீழே படுத்துப் பாருங்கள். பின் ஹீற்றருக்குப் போகும் நீளமான உலோகக் குழாய்கள் தரைத்தட்டுக்குக் கீழே ஓடுகின்றன. ரோட்டு உப்பு அவற்றை அரித்து, ஒரு நாள் எல்லாக் கூலன்றையும் வீதியில் கொட்டிவிடும். அப்போது ஓட்டினால் எஞ்சின் போய்விடும். கையில் பணமில்லாத நேரம் குழாய் பிரியும் இடத்தில் பின்பக்கப் போக்கையும் வரவையும் அடைத்துவிட்டு முன் ஹீற்றரோடு ஓடலாம். பின்னால் பிள்ளைகள் இருந்தால் போர்வை கொடுங்கள். ஆறுதலாக ஹீற்றர் ஹோஸில் புதிய வழி போடலாம். கிளிப்பை நல்லதாகப் போட்டு, புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.

உள்ளே மணம் வந்தால்

பயணியின் கால் பக்கக் கம்பளம் ஈரமாக இருக்கிறது, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பசையாகப் புகார் பிடிக்கிறது, இனிப்பு மணம் வருகிறது. மூன்றும் சேர்ந்தால் கோர் ஒழுகுகிறது. இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துக் கோரைத் தவிர்த்து வானைக் கராஜ் வரை கொண்டுபோகலாம். ஆனால் கண்ணாடிக்குச் சூடு போகாது, பனி கொட்டும் நாளில் அப்படி ஓடாதீர்கள். ஒழுக்கு அடைக்கும் மருந்தை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. ஒழுக்கை அடைக்கும் அதே மருந்து கோரின் நல்ல குழாய்களையும் அடைக்கலாம். விற்றுத் தள்ளப் போகும் வானுக்குக்கூட நான் ஊற்றுவதில்லை.

புகைக்குழாய் மணம் வந்தாலோ, ஓட்டும்போது தலையிடியும் மயக்கமும் வந்தாலோ அது வேறு கதை. கண்ணாடிகளை இறக்கி, வானை நிற்பாட்டி, எல்லோரையும் வெளியே இறக்குங்கள். அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகைக்குழாய் சரியாகும்வரை அந்த வானை எடுக்கவே கூடாது.

கோரை மாற்றுவது பல வான்களில் டாஷ்போர்ட் முழுவதையும் இறக்கும் வேலை. சாமான் மலிவு, கூலிதான் காசு. விலை கேட்கும்போது ஏசி காஸ் எடுத்துத் திரும்ப நிரப்பும் செலவும் அதற்குள் அடக்கமா என்று கேளுங்கள். சில வான்களில் கோரும் ஏசியின் குளிர்ச்சட்டியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, காஸை எடுக்காமல் பெட்டி வெளியே வராது. அதை வெளியே திறந்துவிடுவது இங்கே சட்டவிரோதம், உரிய இயந்திரமும் அனுமதியும் உள்ள கராஜாகப் பார்த்துக் கொடுங்கள். பெட்டி வெளியே வந்த கையோடு கதவுகளையும் புளோவர் சக்கரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீற்றர் ஹோஸும் கிளிப்பும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.